பழைய காரின் கதவுக் கீலில் இறுகிப்போன திருகாணிகளைக் கழற்றும் முறை

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற பழைய கார்களில், கதவின் கீலை முன்தூணோடு பிணைத்திருப்பவை பெரிய ஸ்டார் தலை (தலையில் கூட்டல்குறி வடிவப் பள்ளமுள்ள பிலிப்ஸ் வகை) திருகாணிகள். அவற்றின் தலை வெளியே துருத்தாமல் கீலின் குழிக்குள் அமிழ்ந்திருக்கும். பல ஆண்டுகளாக இறங்கிய மழைநீரும், ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பெயிண்டும் சேர்ந்து அவற்றை அசைக்க முடியாதபடி இறுக்கிவிடுகின்றன. கையில் கிடைத்த ஸ்க்ரூடிரைவரை வைத்து மூச்சைப் பிடித்துத் திருகினால், ஸ்டார் பள்ளம் மழுங்கிப்போய்ப் பாதி நாளில் முடிய வேண்டிய வேலை வாரக்கணக்கில் நீளும்.

துரு மரையில்தான் பிடித்திருக்கிறது என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில் பிடிவாதத்தின் பெரும்பகுதி தலைக்கு அடியில் இருக்கிறது. தலையின் கூம்பு வடிவ அடிப்பாகம் கீலின் குழியில் முழுவதும் படிந்து நிற்கிறது. அது மரையைவிட அகலமாக இருப்பதால், அங்குள்ள உராய்வு திருப்புவிசையை மிகுதியாக எதிர்க்கிறது. தலையை மட்டும் துளையிட்டு எடுத்துவிட்டால் எஞ்சிய தண்டு பல சமயங்களில் பிளையருக்கு எளிதாக வந்துவிடுவதும் இதனால்தான். ஆகவே எண்ணெய், அடி, சூடு ஆகிய மூன்றும் முதலில் சென்றுசேர வேண்டிய இடம் அந்தக் கூம்புதான்.

வேலையைத் தொடங்குமுன் கதவைத் தாங்கிப் பிடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ஜாக்கின் மேல் மரக்கட்டையும் அதன்மேல் மடித்த துணியும் வைத்து, கதவின் எடை கீலில் தொங்காத அளவுக்கு மட்டும் உயர்த்தினால் போதும். எடை தொங்கிக்கொண்டிருந்தால் துரு விட்ட பிறகும் திருகாணி வராது. கீலின் விளிம்பைச் சுற்றிக் கூரிய முனையால் மெல்லிய கோடு கீறி வைத்தால், திரும்பப் பொருத்தும்போது கதவு பழைய இடத்தில் உட்காரும்.

அடுத்து வருவது சுத்தம் செய்வது. பலரும் தாண்டிச் செல்லும் படி இது. ஸ்டார் பள்ளத்தில் உறைந்திருக்கும் பெயிண்டைக் கூரான கம்பியால் அடிவரை சுரண்டி எடுக்க வேண்டும். பள்ளத்தில் பொருந்தும் கருவிமுனையான பிட் முழு ஆழத்துக்கு இறங்காமல் அரை மில்லிமீட்டர் மேலே நின்றாலும் பிடி போய்விடும். தலைக்கும் கீலுக்கும் நடுவே வட்டமாகப் படிந்திருக்கும் பெயிண்டையும் கத்திமுனையால் அறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஊற்றும் எண்ணெய் உள்ளே இறங்க வழியே இருக்காது. துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே விற்கப்படும் எண்ணெயை வாங்குவது நல்லது. வீட்டுக்கு வீடு இருக்கும் டபிள்யூடி-40 அடிப்படையில் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்டது. அவசரத்துக்கு உதவும், ஆனால் இந்த வேலைக்கு முதல் தேர்வு அல்ல. மாலையில் எண்ணெய் விட்டு, திருகாணியின் தலையைச் சுத்தியலால் சில முறை தட்டி, இரவில் மறுபடியும் விட்டுக் காலையில் கை வைப்பதே சரியான வேகம்.

கழற்றுவதற்கு ஏற்ற கருவி, சுத்தியலால் அடித்து இயக்கும் இம்பாக்ட் டிரைவர். ஒவ்வோர் அடியும் பிட்டைப் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே சற்றுத் திருப்பும். சாதாரண ஸ்க்ரூடிரைவரில் திருப்பும் விசையே பிட்டை வெளியே தள்ளிவிடுகிறது; அந்தக் குறை இங்கே இல்லை. பீட்டிலின் கீல் திருகாணிகளுக்கு வழக்கமான இரண்டாம் எண் பிட் மிகச் சிறியது. மூன்றாம் அல்லது நான்காம் எண் பிட்களில், ஆட்டமில்லாமல் இறுகப் பொருந்துவது எதுவோ அதையே எடுக்க வேண்டும். பிட்டின் நுனியில் சிறிது வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவினால், அதிலுள்ள துகள்கள் கூடுதல் பிடி தரும். ஜப்பானிய வாகனமாக இருந்தால் அதன் ஸ்டார் பள்ளம் சற்று வேறு வடிவத்தில் இருக்கும் என்பதால், ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தர அளவிலான பிட்டை வாங்கிக்கொள்வது நல்லது.

பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, டிரைவரை இடப்பக்கச் சுழற்சிக்கு மாற்றி, கையால் இடப்புறம் முறுக்கி ஆட்டத்தை எடுத்த பிறகு, ஒரு கிலோ சுத்தியலால் நேராக ஓங்கி அடிக்க வேண்டும். பயந்து பயந்து அடிக்கும் பத்து அடிகள் பள்ளத்தைக் கெடுப்பதோடு சரி. உறுதியான ஓரடிக்கே பலன் உண்டு. அசையவில்லையானால் ஒருமுறை இறுக்கும் திசைக்கு மாற்றி அடித்துவிட்டு மீண்டும் கழற்றும் திசைக்கு வரலாம். கெட்டித்த துரு எந்தத் திசையில் உடைந்தாலும் நமக்கு லாபம்தான்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு காட்டலாம். கேஸ் டார்ச்சின் தீயைவிட ஹாட் ஏர் கன் பாதுகாப்பானது. தூணின் உள்ளே மெழுகுப் பூச்சும் வயர்களும் இருக்கக்கூடும். முன்பு ஊற்றிய எண்ணெயும் தீப்பற்றக்கூடியது. ஆகவே எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, தீயணைப்பானை அருகில் வைத்துக்கொண்டே சூடேற்ற வேண்டும். சூடான தலையின் ஓரத்தில் மெழுகுவத்தியைத் தொட்டால், உருகிய மெழுகு இடுக்கில் இழுபட்டு இறங்கும். சுற்றியுள்ள பெயிண்ட் கெடும் என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பள்ளம் முழுதும் மழுங்கிவிட்டால் தலையைத் துளையிட்டு எடுப்பதே மிச்சமுள்ள வழி. நடுவில் பன்ச் குத்தி, மூன்று மில்லிமீட்டர் துரப்பணத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, தண்டின் கனம் வந்ததும் தலை கழன்று வளையமாக வரும். எட்டு மில்லிமீட்டர் திருகாணியாக இருந்தால் எட்டு மில்லிமீட்டரில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கீலின் குழியை அகலமாக்கிவிட்டால் புதுத் திருகாணி சரியாக அமராது. பிறகு கீலை உருவி எடுத்து, நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை லாக்கிங் பிளையரால் பிடித்துத் திருப்பலாம். உடைந்த தண்டுக்குள் துளையிட்டுச் செருகித் திருப்பி எடுக்கும் ஈசி அவுட் எனப்படும் கருவியை நான் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். மிகக் கடினமான எஃகால் ஆன அது உள்ளே முறிந்தால், அதைத் துளையிட்டு எடுப்பது சாதாரண துரப்பணத்தால் ஆகாத காரியம்.

இன்னொரு எச்சரிக்கை உண்டு. பல கார்களில் திருகாணி மாட்டுவது தூணின் உள்ளே அசையக்கூடியதாக இருக்கும் மரைத்தகட்டில். ஒரு கீலின் எல்லாத் திருகாணிகளையும் ஒரே நேரத்தில் எடுத்தால் தகடு நகர்ந்துவிடும். சில கார்களில் தூணுக்குள்ளேயே விழுந்தும்விடும். கீலை எடுத்த உடனே நீளமான ஒரு திருகாணியைக் கையால் சில சுற்று மாட்டி வைத்தால் இந்தத் தொல்லை வராது.

பொருத்தும்போது மரை வெட்டும் கருவியான டேப்பை மரைக்குள் விட்டுச் சுத்தம் செய்து, அதே அளவும் அதே கூம்புக் கோணமும் கொண்ட புதிய உயர்வலுத் திருகாணிகளைப் போட வேண்டும். மெட்ரிக் திருகாணிகளின் கூம்பு 90 பாகை. அமெரிக்க அங்குலத் திருகாணிகளில் அது 82 பாகை. மாற்றிப் போட்டால் தலை ஓரத்தில் மட்டுமே பட்டு நிற்கும். மரையிலும், மறக்காமல் தலையின் கூம்பிலும், திருகாணி மறுபடி இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவ வேண்டும். கீறி வைத்த கோட்டுக்குக் கீலைச் சேர்த்து, பாதி இறுக்கிய நிலையில் கதவை மெல்ல மூடிச் சுற்றிலும் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்த்த பின்னரே முழுவதும் இறுக்கலாம். சில நாள் ஓட்டிய பிறகு இன்னொரு முறை இறுக்கம் சரிபார்க்க வேண்டும்.