நான்கு நிமிடத்தில் நின்றுபோகும் படம்: ஹோட்டல் சுவிட்சில் மல்டிகாஸ்ட்டை ஒழுங்குபடுத்துவது

கொழும்பு காலி வீதியோரம் ஓர் ஆறு மாடி ஹோட்டல் என்று வைத்துக்கொள்வோம். கூரையில் டிஷ்கள், கீழே ரேக்கில் என்கோடர்கள் (சனலை வலையமைப்பில் ஓடும் பொதிகளாக மாற்றும் கருவிகள்). 40 சனல்கள், ஒவ்வொன்றும் தனித்தனி மல்டிகாஸ்ட் முகவரியில். மல்டிகாஸ்ட் என்பது ஒரே ஓட்டத்தைக் கேட்கும் எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் முறை. ஓர் எச்டி சனல் 8 எம்பிபிஎஸ் பிடித்தால் மொத்தம் 320 எம்பிபிஎஸ். அறையிலுள்ள செட்டொப் பெட்டியின் போர்ட்டோ பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (எந்தப் போர்ட் எந்தச் சனலைக் கேட்கிறது என்று பார்த்து அங்கே மட்டும் அனுப்பும் வசதி) இல்லாத சுவிட்ச் அந்த 320-ஐயும் அதே வீலானிலுள்ள, அதாவது சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த அதே வலையமைப்பிலுள்ள, எல்லாப் போர்ட்டுக்கும் அள்ளிக் கொட்டும். படம் கட்டம் கட்டமாக உடையும். வரவேற்பு மேசைக் கணினியும் அதே வீலானில் இருந்தால் அதுவும் திணறும்.

இதற்கு ஸ்னூப்பிங்கைப் போட வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். போட்டதும் படம் தெளிவாக வரும், வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். நான்கு நிமிடம் இருபது விநாடியில் எல்லா அறையிலும் படம் உறைந்து நிற்கும். சனலை மாற்றினால் மறுபடி வரும், மறுபடி நிற்கும். குறை டிவியிலும் இல்லை, என்கோடரிலும் இல்லை. வலையமைப்பில் குவெரியர், அதாவது யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அவ்வப்போது கேட்கும் கருவி, இல்லை.

ஒரு பெட்டி சனலைத் திறக்கும்போது ‘இந்தக் குழுவில் நான் சேர்கிறேன்’ என்று ஐஜிஎம்பி செய்தி அனுப்பும். சுவிட்ச் அதை ஒட்டுக்கேட்டு, அந்தப் போர்ட்டைக் குழுவின் பட்டியலில் எழுதிக்கொள்ளும். அந்தப் பதிவுக்கு ஆயுள் உண்டு. வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதுபோல, குவெரியர் 125 விநாடிக்கு ஒரு தடவை ‘யார் யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்க வேண்டும்; பெட்டிகள் 10 விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு சுற்றும் ஒரு பதில் நேரமும் சேர்த்து 2 × 125 + 10 = 260 விநாடி. கேட்க ஆளே இல்லாவிட்டால் பதிலும் வராது. 260-ஆவது விநாடியில் சுவிட்ச் பெயரை வெட்டிவிடும். மல்டிகாஸ்ட் ரௌட்டர் இருந்தால் அதுவே கேட்கும். ஆனால் சாதாரண இணைய ரௌட்டர்கள் பலவற்றுக்கு இந்தப் பழக்கம் கிடையாது.

ஆகவே சுவிட்ச் வாங்கும்போதே பாருங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ‘ஸ்மார்ட் சுவிட்ச்’ என்று கேட்டால் ஸ்னூப்பிங் உள்ளது கிடைக்கும். குவெரியர் இருக்கிறதா என்பதைத் தரவுத்தாளில் தனியாகத் தேட வேண்டும். எல்லாச் சுவிட்சுக்கும் அது தேவையில்லை. நடுவிலுள்ள கோர் சுவிட்ச் ஒன்றில் இருந்தால் போதும்.

முகவரியும் வீலானும்

டிவிக்குத் தனி வீலான் ஒதுக்குங்கள். உதாரணமாக வீலான் 20, முகவரி 10.20.0.0/24. சனல்களுக்கு 239.20.1.1 முதல் 239.20.1.40 வரை வைக்கலாம். 239-இல் தொடங்கும் முகவரிகள் உள்வீட்டுப் பாவனைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அதற்குள்ளும் 239.0.0.x, 239.128.0.x இரண்டையும் தொடாதீர்கள். சுவிட்ச் பார்க்கும் வன்பொருள் முகவரியான மேக் முகவரிக்குள் ஐபியின் கடைசி 23 பிட்கள் மட்டுமே போகும் என்பதால், இவை 224.0.0.x உடன் ஒரே மேக் முகவரியில் விழும். அந்த 224.0.0.x தொகுதியை ரௌட்டிங் நெறிமுறைகள் பாவிப்பதால் ஸ்னூப்பிங் இருந்தாலும் சுவிட்ச் அதை எங்கும் அனுப்பியே தீரும். கூடவே உங்கள் சனலும் போகும். இதே காரணத்தால் 239.20.1.5-உம் 239.148.1.5-உம் மேக் அளவில் ஒன்றுதான்.

போட வேண்டியவை

சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் ‘ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்’ வழமையாக ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும். கோர் சுவிட்சில் ‘ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குவெரியர்’ கட்டளையைக் கொடுத்து, வீலான் 20-க்குள்ளிருந்து ஒரு முகவரியையும் கொடுங்கள். வலைப்பக்கம் மூலம் இயக்கும் சுவிட்சுகளில் இவை மல்டிகாஸ்ட் பகுதிக்குள் இருக்கும். முகவரியைக் காலியாக விட்டால் சில சுவிட்சுகள் 0.0.0.0 என்றே கேள்வியை அனுப்பும். அப்படி வரும் கேள்வியை மதிக்காத பெட்டிகளும் சுவிட்சுகளும் உண்டு.

இரண்டு குவெரியர்கள் மோதினால் சிறிய ஐபி உள்ளது வெல்லும். எனவே கோருக்கு 10.20.0.2 போன்ற சிறிய எண்ணைக் கொடுங்கள். எங்கோ ஒரு மாடியில் தொங்கும் வைஃபை பெட்டி குவெரியராகி 10.20.0.1-உடன் வென்றுவிட்டால், எல்லாச் சனலும் அதன் பக்கம் ஓடத் தொடங்கும். ஏனென்றால் குவெரியர் இருக்கும் திசைப் போர்ட்டை சுவிட்ச் ‘ரௌட்டர் போர்ட்’ என்று குறித்துக்கொண்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லா மல்டிகாஸ்ட்டையும் அங்கே தள்ளும்.

என்கோடர்களை எங்கே சொருகுவது என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது. அவற்றைக் குவெரியர் உள்ள அதே கோர் சுவிட்சில் சொருகுங்கள். கூரைக்குக் கிட்ட என்று ஆறாம் மாடிச் சுவிட்சில் சொருகினால், ஒருவரும் டிவி பார்க்காத நள்ளிரவிலும் 320 எம்பிபிஎஸ் அப்லிங்க் (கோரோடு சேர்க்கும் இணைப்பு) வழியே கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.

பதிப்பு விடயத்தில் எங்கள் தெரிவு ஐஜிஎம்பி 2. ஒரு சனலுக்கு ஒரே மூலம்தான் என்னும் இடத்தில் மூன்றாம் பதிப்பால் பெரிய பலன் இல்லை. பழைய சுவிட்சுகள் சில மூன்றாம் பதிப்பின் சேர்க்கைச் செய்தியைப் புரிந்துகொள்ளாமல் பட்டியலை வெறுமையாகவே வைத்திருக்கும். குவெரியர் இரண்டில் கேட்டால் புதிய பெட்டிகளும் இரண்டிலேயே பதில் சொல்லும்.

அடுத்து, யாரும் கேட்காத குழுக்கள். இவற்றைப் பல சிறு சுவிட்சுகள் ஸ்னூப்பிங் இருந்தும் எங்கும் கொட்டும். ‘அன்னோன் மல்டிகாஸ்ட்’ அல்லது ‘அன்ரெஜிஸ்டர்ட் மல்டிகாஸ்ட்’ என்ற இடத்தில் ‘டிராப்’ அல்லது ‘ஃபில்டர்’ போடுங்கள், ஆனால் டிவி வீலானுக்கு மட்டும். ஐபிவி6 ஓடும் அலுவலக வீலானில் எம்எல்டி ஸ்னூப்பிங் (ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கின் ஐபிவி6 வடிவம்) இல்லாமல் இதைப் போட்டால், அயல் கணினியைத் தேடும் செய்திகளும் மல்டிகாஸ்ட் என்பதால் வெட்டுப்படும். இணையம் ஏன் போனது என்று பிறகு நாள் முழுக்கத் தேட வேண்டிவரும்.

‘ஃபாஸ்ட் லீவ்’ பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பெட்டி ஒரு சனலை விட்டதும், வேறு யாராவது பார்க்கிறார்களா என்று விநாடிக்கொன்றாக இரண்டு முறை கேட்டபின்தான் வெட்டுவது வழமை. ஃபாஸ்ட் லீவ் கேட்காமலே வெட்டும். 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் இரண்டு விநாடிக்கு இரண்டு சனல் சேர்ந்து ஓடுவதால் ஒன்றும் ஆகாது, போடாமல் விடலாம். சூட் அறையில் ஐந்து போர்ட் குட்டிச் சுவிட்சொன்றில் இரண்டு டிவி தொங்கினால் போடவே கூடாது: ஒருவர் சனல் மாற்ற, மற்றவரின் படம் போகும்.

அறைப் போர்ட்டுகளில் ‘போர்ட்ஃபாஸ்ட்’ அல்லது ‘எட்ஜ்’ போடுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒரு டிவியைப் போட்டு அணைக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்பானிங் ட்ரீ (சுவிட்சுகளுக்கிடையே வளையம் உண்டாகாமல் தடுக்கும் நெறிமுறை) ‘அமைப்பு மாறிவிட்டது’ என்று அறிவிக்கும். பல சுவிட்சுகள் அதைக் கேட்டதும் சற்று நேரம் எல்லா மல்டிகாஸ்ட்டையும் எல்லாப் போர்ட்டுக்கும் திறந்துவிடும். ‘இடைக்கிடை எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் உடைகிறது’ என்ற முறைப்பாடு வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

சோதிப்பது

மடிக்கணினியின் வைஃபையை அணையுங்கள், இல்லாவிட்டால் சேர்க்கைச் செய்தி தவறான வழியில் போகக்கூடும். வீலான் 20-இல் உள்ள ஒரு வெற்றுப் போர்ட்டில் சொருகி, எதையும் திறக்காமல், வந்துபோகும் பொதிகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைப் பாருங்கள்: வீடியோப் பொதிகள் வரக்கூடாது. பிறகு விஎல்சி வீடியோ பிளேயரில் ‘யூடிபி://@239.20.1.5:1234’ என்பதுபோல என்கோடரில் கொடுத்த முகவரியையும் போர்ட் எண்ணையும் திறவுங்கள். அந்த ஒரு சனல் மட்டும் வர வேண்டும். வயர்ஷார்க்கில் பொதி தெரிந்தும் விஎல்சி கறுப்பாக இருந்தால் கணினியின் ஃபயர்வோலைப் பாருங்கள். சனலைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். 260 விநாடியைத் தாண்டாத சோதனை சோதனையே அல்ல. இதற்கிடையில் ‘ஷோ ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குரூப்ஸ்’ பட்டியலில் உங்கள் போர்ட்டும், ‘ஷோ ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குவெரியர்’ என்பதில் நீங்கள் கொடுத்த 10.20.0.2-உம் இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே வேறு முகவரி நின்றால், அது எந்தப் போர்ட்டில் இருந்து வருகிறது என்று தேடிப் பிடியுங்கள்.

ஓர் அறையில் மட்டும் உடைந்தால் மல்டிகாஸ்ட் அமைப்பைக் கிளற வேண்டாம். அந்தப் போர்ட்டின் சிஆர்சி பிழை எண்ணை, அதாவது பழுதாகி வந்த பொதிகளின் கணக்கை, பாருங்கள். மெரைன் டிரைவ் பக்கக் கட்டடங்களில் உப்புக் காற்று ஆர்ஜே45 ஊசிகளை அரிக்கும். வீடியோவைக் கொண்டுவரும் யூடிபி முறையில் தொலைந்த பொதி திரும்ப வராது, ஆகவே இணையம் உலாவும்போது தெரியாத பழுது டிவியில் உடனே கட்டமாகத் தெரியும்.

வீலான் 20-ஐ வைஃபைக்குக் கொடுக்காதீர்கள். மல்டிகாஸ்ட்டை வைஃபை பெட்டி மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில் அனுப்புவதால் ஒரு சனலே காற்றலையை நிரப்பிவிடும். தொலைபேசியிலும் காட்டத்தான் வேண்டுமென்றால், மல்டிகாஸ்ட்டை யூனிகாஸ்ட்டாக (ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக அனுப்புவதாக) மாற்றித் தரும் அக்சஸ் பொயின்ட் வாங்குங்கள்.

எல்லாம் சரிவந்ததும் ‘கொப்பி ரன்னிங் கொன்ஃபிக் ஸ்டார்ட்டப் கொன்ஃபிக்’ கொடுத்துச் சேமியுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில விநாடிகளில் யூபிஎஸ் இல்லாத சுவிட்ச் மறுபடி தொடங்கும், சேமிக்காத குவெரியர் அதோடு போய்விடும். கோர் சுவிட்சுக்கும் என்கோடர் ரேக்குக்கும் ஒரே யூபிஎஸ் கொடுத்தால் காணும்.