தொலைதூரச் சுரங்கத்துக்கு உயர் அழுத்த மின்லைன் திட்டமிடுவது எப்படி?

ஞாயிறு காலைகளில் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி நாலைந்து பிள்ளைகள் இருப்பார்கள். எல்லோரும் மொறட்டுவையில் மின்பொறியியல் படிக்கிறவர்கள். போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டாள்: “அண்ணா, லோட் ஃப்ளோ (எந்த லைனில் எவ்வளவு மின்வலு ஓடும் என்ற) கணக்கெல்லாம் செய்வேன். ஆனால் நடுக்காட்டில் ஒரு சுரங்கம் இருக்கு, அதுக்கு லைன் திட்டமிடு என்று சொன்னால் முதல் எதைத் தொடுறது?”

போகல, கஹட்டகஹ காரீய (கிராஃபைட்) சுரங்கங்கள் ஊர்களுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இலங்கையில் இந்தக் கேள்வி பெரிதாக எழுவதில்லை. ஆபிரிக்காவுக்கோ கனடாவுக்கோ வேலைக்குப் போகிறவர்கள் முன்னால் கட்டாயம் வந்து நிற்கும். அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். கணக்குக்கு ஒரு கற்பனைச் செப்புச் சுரங்கத்தை வைத்துக்கொள்வோம். தேவை 60 மெகாவாட், இணைக்கக்கூடிய உபமின்நிலையம் இருப்பது 150 கிலோமீட்டரில். கொழும்பிலிருந்து புத்தளத்தையும் தாண்டிப் போகிற தூரம்.

படி 1: சுமையைப் பிரித்து எழுதுங்கள்

“60 மெகாவாட்” என்ற ஒற்றை எண்ணை வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். அது எப்படி வந்தது என்று கேளுங்கள். செப்புச் சுரங்கத்தில் மின்சாரத்தைப் பெரிய அளவில் தின்பது பாறையை அரைக்கும் ஆலைதான். அங்கே ஒரே மோட்டார் 10, 20 மெகாவாட் இருப்பதும் உண்டு. அதற்கடுத்து பம்புகள், காற்றோட்ட விசிறிகள், ஆட்களையும் தாதுவையும் தூக்கும் லிஃப்ட்.

இதில் நிற்கவே கூடாதவற்றைத் தனியாகக் குறியுங்கள். நிலத்தடியில் ஆட்கள் இருக்கும்போது காற்றோட்டமும் நீர் இறைக்கும் பம்பும் லிஃப்டும் நின்றால் அது உயிர்ப் பிரச்சினை. எவ்வளவு நல்ல லைன் போட்டாலும் இவற்றுக்கான டீசல் ஜெனரேட்டர்கள் சுரங்கத்திலேயே இருக்க வேண்டும். இந்தச் செலவைக் குறைக்கச் சொல்லி யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள்.

அதே தாளில் இன்னொரு நிரலும் போடுங்கள்: லைன் போகும் வழியில் உள்ள ஊர்கள், சனத்தொகை, இப்போது மின்சாரம் இருக்கிறதா இல்லையா. சுரங்கம் இருபது வருடத்தில் மூடப்படலாம். லைன் நாற்பது வருடத்துக்கு மேல் நிற்கும். அந்த நிரல் ஏன் முதல் நாளே வேண்டும் என்பதற்கு நாலாம் படியில் வருகிறேன்.

படி 2: அழுத்தத்தைத் தேர்ந்தெடுங்கள்

இலங்கையில் நமக்குப் பழகியவை 33, 132, 220 கிலோவோல்ட். மூன்றையும் போட்டுப் பார்ப்போம். வலுவை அழுத்தத்தாலும் வலுக்காரணியாலும் 1.732 ஆலும் பிரித்தால் மின்னோட்டம் வரும். வலுக்காரணி, அதாவது அனுப்பும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, 0.95 என்று எடுத்தால் 33 இல் ஏறக்குறைய 1,100 அம்பியர், 132 இல் 276, 220 இல் 166. அவ்வளவு மின்னோட்டத்தோடு 33 இந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

இப்போது இழப்பு. மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கி, மூன்று கம்பிகளுக்கும் சேர்த்து மூன்றால் பெருக்குங்கள். சீப்ரா என்று பெயருள்ள அலுமினிய உருக்குக் கம்பியின் தடை 20 பாகையில் கிலோமீட்டருக்கு 0.067 ஓம் அளவில் இருக்கும். 150 கிலோமீட்டருக்கு 10 ஓம். அப்படியானால் 132 இல் இழப்பு 2.3 மெகாவாட், 220 இல் 0.8 மெகாவாட். மெல்லிய லின்க்ஸ் கம்பியை 132 இல் போட்டால் 5 மெகாவாட்டுக்கு மேல் போய்விடும். வெயிலில் கம்பி சூடாகும்போது தடை இன்னும் கூடும். இறுதிக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

ஆனால் நீண்ட லைனில் உங்களை முதலில் மடக்குவது இழப்பு இல்லை, அழுத்த வீழ்ச்சி. லைனின் ரியாக்டன்ஸ், அதாவது கம்பியைச் சுற்றிய காந்தப்புலத்தால் ஆடலோட்டத்துக்கு வரும் எதிர்ப்பு, கிலோமீட்டருக்கு 0.4 ஓம் என்று எடுங்கள், மொத்தம் 60 ஓம். வலுவைத் தடையாலும், ரியாக்டிவ் வலுவை (மோட்டார்களின் காந்தப்புலத்துக்காகப் போய்வரும், வேலை செய்யாத வலுவை) ரியாக்டன்ஸாலும் பெருக்கிக் கூட்டி, அழுத்தத்தால் பிரியுங்கள். 132 இல் 13 கிலோவோல்ட்டுக்கு மேல் விழுகிறது, அதாவது நூற்றுக்குப் பத்து. 220 இல் நூற்றுக்கு நாலுக்கும் குறைவு. 132 ஐயே வைத்திருக்க விரும்பினால் சுரங்க முனையில் கெப்பாசிட்டர் வங்கி போட்டு ரியாக்டிவ் வலுவை அங்கேயே கொடுக்க வேண்டும். அது மோசமான தீர்வு இல்லை, பல இடங்களில் செய்வதுதான்.

இதற்கு நேர்மாறான நிலையையும் பாருங்கள். சுரங்கம் நின்று லைன் வெறுமையாக இருக்கும்போது தூர முனையில் அழுத்தம் ஏறும். 150 கிலோமீட்டரில் நூற்றுக்கு ஒன்று சொச்சம், கவலையில்லை. 300 கிலோமீட்டர் என்றால் ஐந்து வரை வரும். அப்போது ரியாக்டர், அதாவது ஏறிய அழுத்தத்தை இறக்கும் பெரிய மின்சுருள், தேவை.

படி 3: முனை எவ்வளவு பலமானது?

ஆரம்பிக்கிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். 132 இன் வர்க்கத்தை லைனின் 60 ஓம் ரியாக்டன்ஸால் பிரித்தால் 290 எம்விஏ (மெகாவோல்ட் அம்பியர்). மூல உபமின்நிலையம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சுரங்க முனையின் குறுஞ்சுற்று வலு, அதாவது அங்கே கம்பிகள் ஒட்டிக்கொண்டால் மின்வலை தள்ளக்கூடிய உச்ச வலு, இதைத் தாண்டாது. 10 மெகாவாட் அரைவை மோட்டாரை நேரடியாகத் தொடக்கினால் அந்த நேரத்தில் ஐந்தாறு மடங்கு, அதாவது 50 முதல் 60 எம்விஏ இழுக்கும். அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சரியும், விளக்குகள் மங்கும், மற்ற மோட்டார்களின் கொண்டாக்டர்கள் (மின்காந்த ஆளிகள்) விழுந்து அவை நின்றுவிடக்கூடும். அதனால் பெரிய மோட்டார்களை வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் போட்டுத் தொடக்கச் சொல்லி சுரங்கத்தாரிடம் ஆரம்பத்திலேயே எழுதிக் கேளுங்கள். மோட்டார் ஓடர் கொடுத்த பிறகு கேட்டால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

இந்தக் கணக்குகளை எல்லாம் பாண்டாபவர் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்க்கலாம். பைதான் தெரிந்தால் போதும். ஆனால் முதலில் கையால் செய்யுங்கள். பிறகு கணினி சொல்லும் விடை பிழையென்றால் உங்களுக்கே தெரியும்.

படி 4: ஆடலோட்டமா (ஏசி), நேரோட்டமா (டிசி)?

நம் 150 கிலோமீட்டருக்கு ஆடலோட்டம்தான், யோசிக்கத் தேவையில்லை. நீண்ட தூரம் வந்தால்தான் நேரோட்டம் மேசைக்கு வரும். அதன் பெரிய உதாரணம் கொங்கோவில் இருக்கிறது. இங்கா அணைக்கட்டிலிருந்து தென்கிழக்கே கொல்வேசியின் செப்புச் சுரங்கப் பகுதிக்கு, 1,700 கிலோமீட்டர், 500 கிலோவோல்ட் நேரோட்ட லைன், 1982 இல் முடிந்தது. பொறியியலாகப் பார்த்தால் பெரும் சாதனை. ஆனால் நேரோட்ட லைனில் வழியில் இருக்கும் ஊருக்கென்று மின்சாரத்தைப் பிரித்தெடுப்பது லேசில்லை. அதற்கென்று விலையுயர்ந்த மாற்றி நிலையம் வேண்டும். கம்பி தலைக்கு மேலே போக, கீழே இருந்த ஊர்கள் இருட்டில் இருந்தன.

நான் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவன். போர்க் காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து அறுந்து கிடந்தது. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு 132 கிலோவோல்ட் லைன் வந்த பிறகுதான் நாங்கள் திரும்ப அதில் சேர்ந்தோம். லைனுக்கு அப்பால் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

வேறு மாதிரியும் செய்யலாம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கில் வட்டாய்நிகனேயாப் என்ற மின்திட்டம் ஏறக்குறைய 1,800 கிலோமீட்டர் லைன்கள் கொண்டது. அதில் 51 வீதம் 24 பூர்வகுடிச் சமூகங்களுக்குச் சொந்தம். டீசலில் தங்கியிருந்த தொலைதூர ஊர்களை மின்வலையில் சேர்ப்பதே அதன் முதல் நோக்கம்.

படி 5: பாதை வரையுங்கள்

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். 2000 ஆம் ஆண்டு விண்வெளி ஓடம் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவும் இலவசம், ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளி இருக்கும். அதன் மேல் காடு, ஆறு, வீதி, வயல், ஊர், சுடலை, கோயில் எல்லாவற்றையும் அடுக்குங்கள். மூன்று பாதைகள் வரையுங்கள், ஒன்றோடு நிற்காதீர்கள். வீதியை ஒட்டிப் போகும் பாதை நீளமாக இருந்தாலும் பெரும்பாலும் அதுதான் மலிவு. நடுக்காட்டில் கம்பி அறுந்தால் திருத்தப் போகிறவர்களுக்கும் பாதை வேண்டும் அல்லவா?

பிறகு நேரில் போங்கள். வேலையில் சேர்ந்த புதிதில் ஆபிரிக்க நாடு ஒன்றில் ஒரு பாதையைச் செய்மதிப் படத்தை மட்டும் பார்த்து வரைந்தோம். படம் கோடைகாலத்தில் எடுத்தது, சமவெளி காய்ந்து பளபளவென்று கிடந்தது. போய் விசாரித்தால், வருடத்தில் நாலு மாதம் அந்த இடம் முழுக்கத் தண்ணீர் என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார். முழுப் பாதையையும் மேட்டுப் பக்கம் தள்ள வேண்டி வந்தது. அவரை முதலிலேயே கேட்டிருந்தால் மூன்று மாத வேலை மிஞ்சியிருக்கும்.

சுரங்கத்துக்குக் கிட்டே வரும்போது இரண்டு விடயம். குழி கடைசியில் எவ்வளவு அகலும் என்று புவியியலாளரிடம் வரைபடம் வாங்குங்கள். தாதுப் படுகைக்கு மேல் நிறுத்திய டவரைப் பிறகு கழற்ற வேண்டி வரும். அப்புறம் சுரங்க டிப்பர்கள். பெரியவை தொட்டியை உயர்த்தினால் 13 மீட்டரையும் தாண்டும். அவை ஓடும் பாதையைக் கம்பி கடக்கிற இடத்தில் சாதாரண வீதிக்கான இடைவெளி போதாது.

படி 6: டவர், நிலத்தொடுப்பு (எர்த்), அனுமதி

டவர்களுக்கு இடையே 300 முதல் 400 மீட்டர் என்று எடுத்தால் நமக்கு ஏறக்குறைய 430 டவர்கள். சுரங்கப் பகுதி என்றாலே பாறைதான். மின்னல் விழுந்தால் போக நல்ல நிலம் இருக்காது. ஒவ்வொரு டவர் அடியிலும் தடையை அளந்து, 10 ஓமுக்கு மேல் வந்தால் நிலத்துக்குள் நீளக் கம்பி புதையுங்கள்.

பாதையின் அகலத்துக்கும் நாட்டுக்கு நாடு விதி உண்டு. இந்தியாவில் வழக்கமாக 132 கிலோவோல்ட்டுக்கு 27 மீட்டர், 220 க்கு 35 மீட்டர். சுற்றாடல் அனுமதிக்கான எல்லைகளும் அப்படித்தான். இலங்கையில் 50 கிலோவோல்ட்டுக்கு மேல், 10 கிலோமீட்டருக்கு நீளமான லைன் என்றால் சுற்றாடல் மதிப்பீட்டுக்குள் வந்துவிடும். காணிக்காரரோடு பேசத் தொடங்குவதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான்.

படி 7: இடையில் ஓர் உபமின்நிலையம்

முதல் படியில் எழுதிய ஊர் நிரலை இப்போது எடுங்கள். ஊர்கள் கூட்டமாக இருக்கும் இடத்துக்குக் கிட்ட, 132 இலிருந்து 33 க்கு இறக்கும் ஒரு சிறிய உபமின்நிலையத்துக்கு இடம் குறியுங்கள். இன்றைக்கு அதைக் கட்டப் பணமில்லை என்று சொல்வார்கள். பரவாயில்லை. காணியை மட்டும் இப்போதே வாங்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் லைனைப் பிரித்து உள்ளே எடுக்கக்கூடிய மாதிரி இரண்டு இறுக்க டவர்களை (கம்பியின் முழு இழுவையையும் தாங்கும் டவர்களை) நிறுத்துங்கள். வரைபடத்தில் அந்த நிலையத்துக்கு ஒரு பெயரும் எண்ணும் கொடுங்கள், ஊரின் பெயரையே வையுங்கள். பெயர் இல்லாத பெட்டியைச் செலவு குறைக்கும் கூட்டத்தில் முதலில் அழித்துவிடுவார்கள்.