ஸ்க்ரூ இல்லாமல் ஒரு கேரம் ஸ்டாண்டு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு மன்றத்து கேரம் ஸ்டாண்டு போன மழைக்காலத்தில் மறுபடி ஆட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் மரம் நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்க்ரூதான் துருப்பிடித்து உதிர்ந்து, அது இருந்த ஓட்டை பெரிதாகிவிட்டது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடல் காற்று அடிக்கிற இடத்தில் இரும்பின் கதி அதுதான். அதனால் இந்த முறை மரத்தை மரமே பிடித்துக்கொள்கிற மாதிரி செய்தோம். நான் 20 வருடத்துக்கு மேல் பட்டறை வேலை பார்க்கிறவன், கூட நின்ற நாலு பேரும் அதுவரை உளியைத் தொட்டதே இல்லை. நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. நீங்களும் செய்யலாம்.

முதலில் மரம். புதுசு வாங்க வேண்டாம். ராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளை இடிக்கும்போது, கூரையில் செங்கல்லைத் தாங்கிக்கொண்டிருந்த தேக்கு உத்திரம் வெளியே வரும். பல வருடம் காய்ந்த மரம், இனிமேல் அது முறுக்காது. பழைய மரம் விற்கிற கடைகளில் கேளுங்கள், வால்டாக்ஸ் ரோடு மரக்கடைகளில் விசாரித்தாலும் வழி சொல்வார்கள். கனஅடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள்: நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கனஅடி. இந்த ஸ்டாண்டுக்குச் சுத்தமாக அரை கனஅடி போதும், கழிவுக்கும் சேர்த்து முக்கால் வாங்குங்கள். வாங்கின கட்டை முழுவதும் ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கிற பழைய ஆணி ஒன்று போதும், ரம்பத்தின் பல் மொத்தமும் போய்விடும்.

அளவு இதுதான். கால் நாலு, 2க்கு 2 அங்குலம், உயரம் 26½. ஆட்ட விதி கேட்கிற உயரத்துக்குள் இது வந்துவிடும். மேல் சட்டம் நாலு, 3 அங்குல அகலம், 1 அங்குல கனம், 24 அங்குல நீளம். இதில் இரண்டு முனையிலும் ஒவ்வொரு அங்குலம் காலுக்குள் போய்விடும், ஆக ஸ்டாண்டு வெளியளவு 26 அங்குலச் சதுரம். கீழே சுற்றிலும் சட்டம் கொடுத்தால் உட்காருகிறவர் முழங்காலை இடிக்கும், எதிரெதிரே இரண்டு, அவற்றை இணைக்க நடுவில் ஒன்று, அது போதும்.

இனி எல்லாரும் அவசரப்படுகிற இடம்: உளி. கடையில் வாங்கின உளி வெட்டாது, அதைத் தீட்ட வேண்டும். எண்ணெய்க்கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சாய்வுப் பக்கம் முழுக்கக் கல்லில் படிகிற மாதிரி வைத்து, கையை ஏற்றி இறக்காமல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் தட்டைப் பக்கத்து ஓரத்தில் விரலை வெளிப்பக்கமாக வருடினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது முனை முழுக்க வந்ததும் திருப்பி, தட்டைப் பக்கத்தைக் கல்லோடு ஒட்டப் படுக்கவைத்து நாலு இழுப்பு. பிறகு வெளிச்சத்தில் முனையைப் பாருங்கள், வெள்ளைக் கோடு மாதிரி எங்காவது மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கல். எங்கள் முதல் ஞாயிறு முழுக்க இதிலேயே போனது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மழுங்கின உளியை அழுத்தித் தள்ளும்போதுதான் அது வழுக்கிக் கையில் ஏறும். 15 வயதில் என் இடது கட்டைவிரலில் வாங்கின வெட்டு அப்படி வந்தது. உளி போகிற திசையில் எந்தக் கையும் இருக்கக் கூடாது.

அப்புறம் துளை. சட்டத்தின் முனையை ஒல்லியாக அறுத்து விடுகிற பகுதிதான் நாக்கு, அது காலில் போடுகிற துளைக்குள் போய் உட்காரும். ஒரு அங்குலத்துக்கு 8 நூல் என்பது தெரியும்தானே? சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நாக்கு, அதாவது சுமார் 3 நூல், ஆகவே 3 நூல் உளியே துளையின் அகலம். சட்டம் காலின் வெளிமுகத்திலிருந்து 2 நூல் உள்ளே தள்ளி உட்காரட்டும். அப்படி வைத்தால் பக்கத்துச் சட்டத்தின் துளையோடு மோதாமல் ஒரு அங்குல ஆழம் கிடைக்கும். சட்டத்தைக் காலின் நடுவில் வைத்துத் துளை போட்டவர்கள் முக்கால் அங்குலத்திலேயே முட்டிக்கொண்டு நிற்பார்கள். காலை வெட்டும்போது மேலே ஒரு அங்குலம் கூட விட்டு வையுங்கள், துளை போடும்போது தலை பிளக்காது, கடைசியில் அறுத்துவிடலாம். துளையின் இரண்டு ஓரத்திலும் ஒரு நூல் விட்டு நடுவில் கொத்தி அள்ளுங்கள். ஓரத்தை எல்லாம் முடிந்த பிறகு ஒரே நேர் அடியில் சீவுங்கள்.

நாக்கை அறுக்கும் இடத்தில் பென்சில் கோடு வேண்டாம், மூலைமட்டம் வைத்துக் கத்தியால் கீறுங்கள். ரம்பம் கோட்டின் கழிவுப் பக்கமே ஓட வேண்டும். நாக்கு கையால் பாதி போய், கொட்டாப்புளியால், அதாவது மரச்சுத்தியால், இரண்டு மூன்று மெல்லிய தட்டில் மீதி உட்கார்ந்தால் அதுதான் சரியான பிடி. ஓங்கி அடித்தால்தான் போகிறது என்றால் கால் பிளக்கப்போகிறது, எடுத்துச் சீவுங்கள். லொடலொட என்று விழுந்தால் இழைப்புளிச் சீவல் ஒன்றை ஃபெவிகால் தடவி நாக்கில் ஒட்டிக் காயவிட்டு மறுபடி பொருத்துங்கள். மேலே எட்டு, கீழே ஆறு, மொத்தம் 14 இணைப்பு. முதலில் ஆளுக்கு ஒன்று கழிவுக் கட்டையில் போட்டுப் பழகட்டும், பிறகு பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தன் இணைப்பின் உள்பக்கம் பேரெழுத்தைப் பென்சிலால் எழுதிவிட்டால் யாரும் அலட்சியமாகச் செய்வதில்லை.

பூட்டுவதற்கு மூங்கில் ஆணி. காலில் 2 நூல் ஓட்டை போட்டு, நாக்கைச் செருகி அதே இடத்தைக் குறித்து, வெளியே எடுத்து, நாக்கில் மட்டும் அரை நூல் சட்டத்தின் பக்கமாகத் தள்ளி ஓட்டை போடுங்கள். மூங்கிலை நுனி ஒல்லியாகச் சீவி அடிக்கும்போது அது வளைந்துகொண்டே சட்டத்தைக் காலோடு இழுத்துப் பிடிக்கும். அடிக்கிற சத்தமே மாறும், முதலில் டொக் டொக், இறுகினதும் ணங். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுங்கள். ஆணி அடிக்கிறதற்கு முன்பே இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்துவிட வேண்டும், இரண்டும் 36 அங்குலம் 6 நூல் வந்தால் சதுரம் சரி.

ஒரு விஷயம். இப்போது கடை வேலை முழுக்க பிளைவுட், மைக்கா என்று ஆகிவிட்டது. ஐந்து வருடம் வேலை பார்த்த பையன்கூட ஒரு நாக்குத் துளை போட்டிருக்க மாட்டான், அவனைக் குறை சொல்ல முடியாது, யாரும் கேட்பதில்லை. அதனால்தான் ஞாயிறு வேலையில் நான் பிடிவாதமாக இதைச் சொல்லித் தருகிறேன். எங்களுக்கு நாலு உளி, ஒரு ரம்பம், ஒரு இழைப்புளி, ஒரு கல், ஒரே பெட்டி. பெட்டிச் சாவி ஒருவரிடம்தான், எடுத்தவர் தீட்டித்தான் திருப்பி வைக்க வேண்டும். காலை பத்து மணிக்கு முன்னால் கொத்து வேலை கிடையாது, துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குகிறவர்கள் எங்கள் தெருவில் நிறைய. அதுவரை தீட்டலாம், கோடு போடலாம்.

கடைசியாக உப்புத்தாள் போட்டு, ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டு இரண்டு முறை தேயுங்கள். அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். போர்டை ஏற்றி ரசமட்டத்தை நாலு பக்கமும், குறுக்கேயும் வைத்துப் பாருங்கள். சாய்ந்த பக்கத்துக் காலடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினால் போதும். 2024இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண், அவளைப் பார்த்து எங்கள் மன்றத்துக்கும் இப்போது சின்னப் பெண்கள் வருகிறார்கள். அவர்களுக்கு உட்கார பெஞ்சு பத்தவில்லை, மிச்சமிருக்கிற உத்திரத்தில் அதை வருகிற ஞாயிறு அறுக்கிறோம்.