கிலுகிலுப்பையைக் கீழே வையுங்கள்

கைக்குழந்தையின் கண் பொம்மையைப் பின்தொடர்கிறதா என்று பார்க்கப் பழகும் புதியவர்களைக் கவனித்தால், பழைய நான்தான் தெரிகிறேன். பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் சோதிக்காதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

சத்தம் போடும் பொம்மை

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். கிலுகிலுப்பையை ஆட்டுகிறார்கள், குழந்தை திரும்புகிறது, "பார்வை நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். திரும்பியது காதை நம்பி! பார்வையே இல்லாத குழந்தையும் அப்படித் திரும்பும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் எழுதினேன். நான்கு மாதக் குழந்தை. இடமும் வலமும் அழகாகத் திரும்பியது. "நான் பேசாம பக்கத்துல வந்தா கண்டுக்கவே மாட்டேங்குதுங்க" என்றார் அம்மா. அவர் வீணாகப் பயப்படுகிறார் என்று நினைத்துத் தேற்றி அனுப்பினேன். பிறகு கண் மருத்துவர் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் பிறவிப் புரை. அடர்ந்த புரையைப் பிறந்த சில வாரங்களிலேயே எடுத்துவிடுவது நல்லது. தெளிவான பிம்பம் கிடைக்காத மூளை பார்க்கப் பழகுவதில்லை, பிற்பாடு புரையை எடுத்தாலும் அந்த இழப்பு முழுதாகச் சரியாவதில்லை. ஏற்கெனவே தாமதம், அதில் இன்னும் இரண்டு மாதத்தை நான் சேர்த்தேன்.

பேசிக்கொண்டே முகத்தை நகர்த்துவதும் இதே தவறுதான். வாயை மூடிக்கொண்டு நகர்த்துங்கள்.

வேகம்

மெதுவாக.

வழுக்கிச் செல்லாத கண்

முதல் வாரங்களில் கண் தாவித் தாவித்தான் தொடரும். பொருள் முன்னால் போய்விடும், கண் எட்டிப் பிடிக்கும். இதைக் கோளாறு என்று பெற்றோரைப் பயமுறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். இழைந்து தொடர்வது இரண்டாம் மாத வாக்கில் தலைகாட்டி, நான்காம் மாதத்துக்குள் ஓரளவு சீராகும். பக்கவாட்டில் தொடர்வது முதலில் வரும். மேலும் கீழும் தொடர்வது பிறகுதான். குறைமாதக் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து அல்ல, பிறக்க வேண்டியிருந்த நாளிலிருந்து கணக்கிடுங்கள். அப்படியும் மூன்று மாதமாகி எதையும் தொடரவில்லை என்றால் காத்திருக்காமல் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தூரம்

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. போதும்.

இரண்டு கண்ணையும் சேர்த்தே பார்ப்பது

ஒரு கண் பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள். இடது கண்ணை மூடும்போது சும்மா இருந்துவிட்டு, வலது கண்ணை மூடினால் மட்டும் அழுது உங்கள் கையைத் தட்டிவிடும் குழந்தையைப் பற்றி 'அடம்' என்று எழுதாதீர்கள். இடது கண்ணைப் பாருங்கள்.