ஐப்பசி மழையும் இரண்டு பையன்களும்: மலையடிவார வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்காசி மாவட்டத்தில் மலையடிவாரத்தில் உள்ள புளியரை, செங்கோட்டை, பண்பொழி, இலஞ்சி, குற்றாலம் ஊர்களுக்கு வருஷத்தில் இரண்டு மழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் சாரல் ஒன்று. ஐப்பசி பிறந்ததும் இறங்கும் வடகிழக்குப் பருவமழை இன்னொன்று. குழந்தைகள் உள்ள வீட்டைப் பாடுபடுத்துவது இரண்டாவதுதான். தீபாவளி, திருக்கார்த்திகை, ஐயப்ப சாமிகள் கூட்டம், அரையாண்டுத் தேர்வு எல்லாம் இந்த மூன்று மாதத்துக்குள்ளேயே வந்துவிடும்.

மூன்று வயதில் ஒருவன், ஏழு வயதில் ஒருவன் என்று இரண்டு பையன்கள் இருந்தால், இந்தக் காலத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இரண்டே வகை. ஆளுக்கு ஆள் தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டியதை இருவருக்கும் பொதுவாகச் செய்துவிடுகிறோம். வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துச் செய்ய வேண்டியதை, கஷ்டப்படுகிற ஒருவனுக்கு மட்டும் செய்து நிறுத்திவிடுகிறோம்.

காய்ச்சல் மருந்து: ஒரே பாட்டில், ஒரே அளவு

முதல் வகைத் தவறில் ஆபத்தானது இதுதான். பெரியவனுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப் அலமாரியில் இருக்கும். சின்னவனுக்கு உடம்பு சுட்டதும் "பாதி மூடி கொடு" என்று யாராவது சொல்வார்கள். வயதைப் பார்த்தோ மூடியைப் பார்த்தோ கொடுக்கக் கூடாது. எடைதான் கணக்கு: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் வரை. 12 கிலோ பையனுக்கு 180 மில்லிகிராம், 20 கிலோ பையனுக்கு 300 மில்லிகிராம்.

அடுத்த சிக்கல் பாட்டிலில் இருக்கிறது. கடையில் கிடைக்கும் பாராசிட்டமால் எல்லாம் ஒரே வீரியம் இல்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளது இன்னொன்று. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதே 12 கிலோ பையனுக்கு 120 சிரப் என்றால் 7.5 மில்லி, 250 சிரப் என்றால் 3.6 மில்லி. 20 கிலோ பையனுக்கு 12.5 மில்லி, அல்லது 6 மில்லி. சின்னவனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 7.5 மில்லியை, பாட்டில் மாறியது தெரியாமல் 250 சிரப்பிலிருந்து ஊற்றினால் அளவு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். திரும்பத் திரும்ப அப்படிக் கொடுத்தால் ஈரல் பாதிக்கும்.

அடுக்களை ஸ்பூனால் அளக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு 4 வேளைக்கு மேல் இல்லை. இன்னொன்றும் நடக்கும்: அம்மா மதியம் மூன்று மணிக்குக் கொடுத்திருப்பார், அது தெரியாமல் ஆச்சி நான்கரைக்கு மறுபடி கொடுப்பார். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, இரண்டு பையன்கள் பெயரையும் தனித்தனியாக எழுதி, எடை, கொடுத்த நேரம், எத்தனை மில்லி என்று குறித்தால் இந்தத் தவறு அடியோடு நின்றுவிடும். சளிக்கென்று விற்கும் சில கூட்டு மருந்துகளிலும் பாராசிட்டமால் இருப்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் இரட்டை அளவுதான்.

இருமல் சிரப்பைத் தவிர்ப்பதில் தயக்கமே வேண்டாம். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்த பிறகு, 2 வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்து கொடுக்கவே கூடாது, 5 வயதுக்குக் கீழேயும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. சாதாரண சளி இருமல் வெந்நீர், கஞ்சி, ஓய்வோடு தானே அடங்கும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவில் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம். மூச்சு வேகமாக வாங்கினாலோ, விலா உள்ளே இழுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

"காய்ச்சல் விட்டுடுச்சு, ஸ்கூலுக்கு அனுப்பலாம்"

டெங்கு காலத்தில் இந்த முடிவு அவசரமானது. டெங்குவில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான், அதாவது மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும் நேரம் அது. விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லென்று ஆவது, அளவுக்கு மீறிய தூக்கம், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின், மெஃபனமிக் ஆசிட் எதையும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறோமே என்று இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் தவறு.

கொசு விஷயம் இரண்டாவது வகை. படுக்கைக்கு வலை கட்டினோம் என்று நிம்மதியாக இருந்தால், ஏடிஸ் கொசு பகலில் கடித்துவிட்டுப் போகும். நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள். அதனால் வாரம் ஒரு நாள், வீடு முழுக்கத் தேங்கிய தண்ணீரைக் கொட்ட வேண்டும். தொட்டியைக் காலி செய்தால் போதாது. முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டை எல்லாரும் மறக்கிறார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஆரியங்காவு, தென்மலை வட்டாரத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள், பால் வெட்டாத நாட்களில் மரத்தில் கட்டிய சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே கொசு பெருகுவதே அந்தச் சிரட்டைகளில்தான்.

அரைஞாண் கயிற்றின் கீழே

துணி காயாத மாதம் இது. பாதி ஈரமாக இருக்கும் டவுசரைப் போட்டு அனுப்பினால் இடுப்பு எலாஸ்டிக் படும் இடத்திலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை வரும். பல பையன்களுக்கு முதலில் தொடங்குவது அரைஞாண் கயிற்றின் கீழே; கயிறு நாள் முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், குளித்தபின் அதை யாரும் துவட்டுவதில்லை. கயிற்றை நகர்த்தி அடியில் உலரத் துடையுங்கள், இல்லையென்றால் மழை முடியும் வரை கழற்றி வையுங்கள். படர்தாமரைக்குக் கடையில் கொடுக்கும் கூட்டுக் களிம்புகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகப் படரும். பூஞ்சைக்கான தனி மருந்தை மருத்துவர் சொன்ன நாள் வரை, தடம் மறைந்த பிறகும் தடவ வேண்டும்.

தோலுக்குள் புகும் நுண்ணிய பூச்சியால் வரும் சொறிதான் இரண்டாவது வகைத் தவறுக்கு நேரடி உதாரணம். சின்னவன் விரல் இடுக்கில் சொறிகிறான் என்று அவனுக்கு மட்டும் மருந்து போடுவார்கள். ஒரே போர்வையில் படுக்கும் பெரியவனிடம் பூச்சி ஏறி மூன்று வாரம் ஆகியிருக்கும், அவனுக்கு இன்னும் அரிப்பு தொடங்கியிருக்காது. அடுத்த மாதம் சின்னவனுக்கு மறுபடி வரும். மருத்துவர் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு எழுதிக்கொடுத்தால், வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் போட வேண்டும்: கழுத்துக்குக் கீழே பாதம் வரை, நகக்கண், அக்குள், தொப்புள், இடுக்கு எதையும் விடாமல். 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளியல். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. அதன் பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் தினமும் போடாதீர்கள். படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடச் சொல்வார்கள். ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் போதும். மனித உடம்பை விட்டால் அந்தப் பூச்சி சில நாட்களுக்கு மேல் உயிரோடு இருக்காது.

எண்ணெய்க் குளியல், பட்டாசு

தீபாவளிக் காலையில் வெந்நீர் பக்கெட்டை முதலில் குளியலறைத் தரையில் வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கத் திரும்புவார்கள். அந்த அரை நிமிஷத்தில் சின்னவன் கையை விட்டுவிடுவான். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன் மேல் வெந்நீரை விளாவுங்கள். பக்கெட்டில் தொங்கவிடும் ஹீட்டர் ராடு இருந்தால் கதவைப் பூட்டி வையுங்கள். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை வெளியே எடுத்த பிறகே பையன்கள் உள்ளே வரலாம். மூக்கில் எண்ணெய் ஊதுவது, காதில் சொட்டு விடுவது இரண்டும் வேண்டாம். மூச்சுக்குழாயில் இறங்கிய எண்ணெய் நுரையீரல் அழற்சியைக் கொண்டுவரும்.

சின்னப் பிள்ளைதானே, வெடி வேண்டாம், கம்பி மத்தாப்பு கொடுங்கள் என்பது பொதுவான நினைப்பு. அந்தக் கம்பியின் நுனி 1000 டிகிரி செல்சியஸை எட்டும். எரிந்து முடிந்த கம்பியை வெறுங்காலால் மிதிப்பதுதான் அடிக்கடி நடப்பது. ஒரு வாளியில் ஈர மணல் வைத்து, முடிந்த கம்பி ஒவ்வொன்றும் அதில் குத்தப்பட வேண்டும் என்பது விதி. இருவரில் ஒருவன் கொளுத்தும்போது மற்றவன் திண்ணையில் இருக்கட்டும். ஒருவன் கம்பியிலிருந்து மற்றவன் பற்றவைக்க நெருங்கும்போதுதான் சட்டை பற்றுகிறது. பருத்திச் சட்டை, காலில் செருப்பு. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 வரைதான் அனுமதி என்பதால் இரண்டு மணி நேரமும் ஒரு பெரியவர் கூடவே நிற்பது முடியாத காரியமல்ல. சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம். பேஸ்ட், மை, மஞ்சள், ஐஸ் எதுவும் கூடாது.

"பெரியவன் பார்த்துக்குவான்"

ஏழு வயதுப் பையன் தம்பியைத் தண்ணீர் அருகே பார்த்துக்கொள்ள முடியாது. அவனை அதற்குப் பொறுப்பாக்குவது அவனுக்கும் அநியாயம். மழைக்காலத்தில் வாய்க்கால் நிறைந்து ஓடும், கிணறு விளிம்பு வரை ஏறும். தவழும் வயதுப் பிள்ளை மூழ்கப் பக்கெட்டில் ஒரு சாண் தண்ணீரே போதும். இருவரையும் வெளியே விடும்போது எந்தப் பெரியவர் பொறுப்பு என்று பெயர் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள்; "எல்லாரும் இருக்காங்களே" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அருவிக்குப் போகிறவர்கள் செங்கோட்டை வானத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மழை பெய்வது மலை மேலே. கீழே வெயில் அடிக்கும்போதே ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் வெள்ளம் இறங்கும். தண்ணீர் செம்மண் நிறமாவது, இலையும் சுள்ளியும் வருவது, இரைச்சல் கூடுவது: மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த நொடியே பையன்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள், சோப்பையும் துண்டையும் விட்டுவிட்டு. காவலர்கள் குளிக்கத் தடை போட்டிருந்தால் ஓரமாக நின்று காலை மட்டும் நனைப்பதும் வேண்டாம்.

பள்ளிக்குப் போகும் வழி

ஒரே வண்டியில் முன்னால் சின்னவன் நிற்க, பின்னால் பெரியவன் குடை பிடிக்க, மழையில் போவதைத் தினமும் பார்க்கலாம். காற்று குடையை இழுத்தால் பின்னால் இருப்பவனும் கூடவே போவான். சட்டப்படி ஓட்டுபவரோடு இன்னொருவர்தான் ஏறலாம். நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் கட்டாயம், வேகம் 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. 2023 பிப்ரவரி முதல் நடைமுறை. கார்த்திகை முதல் தேதியிலிருந்து புளியரை வழியாகச் சாமிகள் வண்டி இரவு பகலாக ஓடும். முடிந்தவரை பள்ளி வேன், இல்லையென்றால் இரண்டு நடை. மழைக்கோட்டு கறுப்பு, நீலம் வாங்காமல் மஞ்சளாக வாங்குங்கள்.

காலையில் ஷூவைத் தலைகீழாகத் தட்டிய பிறகே மாட்ட வேண்டும். தேளும் பாம்புக்குட்டியும் ஈரத்துக்குப் பயந்து அதில்தான் ஒதுங்கும். பையன்களைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் படுக்கைக்குள் வரும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. விடியும்போது வயிற்று வலி என்று பையன் அழுது, இமை தூக்க முடியாமல் சொருகினால் பாம்புக்கடியைச் சந்தேகியுங்கள். கயிறு கட்டாமல், கீறாமல், பார்வை பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோகாமல், 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேரே போங்கள். அவன் பக்கத்தில் படுத்திருந்த இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.