காரண வளைய வரைபடத்தை அலசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு அமைப்பில் எது எதைப் பாதிக்கிறது என்பதை அம்புகளால் காட்டும் படம்தான் காரண வளைய வரைபடம். அந்த அமைப்பில் இருப்பவர்களே கூடி உருவாக்கும் பங்கேற்பு மாதிரியாக்கத்தில் இந்தப் படத்தை வரைவது ஓரளவு எளிது. வரைந்ததை வாசிக்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். அந்தப் படம், கூடியிருந்தவர்கள் தங்கள் அமைப்பை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்பதன் பதிவு. அதையே அமைப்பு என்று எடுத்துக்கொண்டால் முடிவுகள் கோணலாகும்.

மிகப் பெரிய தவறு, அம்புகளை எண்ணித் தீர்ப்புச் சொல்வது. மென்பொருளில் ஏற்றி, எந்த மாறிக்கு (கூடவோ குறையவோ செய்யும் காரணிக்கு) அதிக இணைப்புகள் என்று பார்த்து, தலையிட வேண்டிய இடம் அதுதான் என்று அறிவித்துவிடுகிறார்கள். மருத்துவமனைப் பணியாளர்கள் வரைந்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ‘பயிற்சி’ என்ற ஒரே மாறியை நேரடிப் பயிற்சி, இணையவழிப் பயிற்சி, புதியவர்களுக்கான பயிற்சி எனப் பிரித்தால், ‘பணித்திறன்’ மாறிக்கு ஒரு அம்புக்குப் பதில் மூன்று வந்து சேரும். மருத்துவமனையில் எதுவும் மாறவில்லை, ஆனால் தரவரிசை மாறிவிட்டது. அன்று யார் வந்திருந்தார்கள், எதைப் பற்றி அதிகம் பேசினார்கள் என்பதும் இந்த எண்ணிக்கையில் கலந்திருக்கும். ஒரு மாறி இணைப்புகளுக்கு எவ்வளவு நடுவில் இருக்கிறது என்று கணக்கிடும் வழக்கமான மையத்தன்மை அளவீடுகள், அம்புகளில் உள்ள கூட்டல் (ஒன்று கூடினால் மற்றதும் கூடும்), கழித்தல் (ஒன்று கூடினால் மற்றது குறையும்) குறிகளையும் விளைவு வரப் பிடிக்கும் தாமதங்களையும் கணக்கில் எடுப்பதே இல்லை.

அடுத்தது குறிகள். பணிச்சுமை கூடினால் களைப்பு கூடும், களைப்பு கூடினால் வேலையை விடுவோர் கூடுவார்கள், அதனால் பணியாளர் எண்ணிக்கை குறையும், அது குறைந்தால் மீண்டும் பணிச்சுமை கூடும். கழித்தல் குறி இருக்கிறதே என்று இதைச் சமன்செய்யும் வளையம், அதாவது மாற்றத்தைத் தானே தணிக்கும் வளையம் எனச் சொல்பவர்கள் உண்டு. கழித்தல் குறிகள் இரண்டு, அதாவது இரட்டைப்படை. ஆகவே இது மாற்றத்தை மேலும் பெருக்கும் வலுவூட்டும் வளையம்; ஒற்றைப்படையாக இருந்தால்தான் சமன்செய்யும்.

சரி, வேலையை விடுவோர் குறைந்தால் பணியாளர் எண்ணிக்கை கூடிவிடுமா? கூடாது. ஆள் குறையும் வேகம்தான் தணியும். புதிதாக ஆள் சேர்த்தால்தான் எண்ணிக்கை ஏறும். இருப்பையும் (பணியாளர் எண்ணிக்கை போலச் சேர்ந்து நிற்கும் அளவு) ஓட்டத்தையும் (வேலையை விடுவோர் போல அதைக் கூட்டும் அல்லது குறைக்கும் வேகம்) ஒரே மாதிரி அம்பால் காட்டுவதில் உள்ள இந்தச் சிக்கலை அமைப்பு இயக்கவியல் ஆய்வாளர் ஜார்ஜ் ரிச்சர்ட்சன் 1986-லேயே விளக்கமாக எழுதிவிட்டார். இன்றும் அறிக்கைகளில் இது தவறாகவே வாசிக்கப்படுவது வருத்தமாக இருக்கிறது.

எந்த வளையம் இப்போது ஓங்கி நிற்கிறது என்பதையும் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதற்கு அளவுகளும் காலமும் வேண்டும், பெரும்பாலும் கணினியில் ஓட்டிப் பார்க்கும் உருவகப்படுத்தலும் வேண்டும்.

அப்புறம், பல குழுக்களின் படங்களை ஒன்றாக இணைக்கும்போது முரண்களை அழித்துவிடாதீர்கள். நிர்வாகிகள் கூட்டல் போட்ட இடத்தில் செவிலியர்கள் கழித்தல் போட்டிருந்தால், அதுவே ஒரு கண்டுபிடிப்பு. இரண்டையும் வைத்துக்கொண்டு, யார் சொன்னது என்பதை அம்புக்குப் பக்கத்திலேயே குறியுங்கள். அலசல் முடிந்ததும் குழுவிடம் திரும்பிப் போய், “படம் சரியா?” என்று பொதுவாகக் கேட்காமல், முடிவு எந்தெந்த அம்புகளை நம்பி நிற்கிறதோ அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள்.