காசநோய் மருந்து வேலை செய்கிறதா? இரத்தப் பரிசோதனை முடிவுகளை வாசிக்கும் முறை

காசநோய் மாத்திரையைத் தொடங்கிய ஒருவரின் வீட்டில், மருந்து உண்மையில் வேலை செய்கிறதா என்ற கேள்வி முதல் மாதத்திலேயே எழுந்துவிடும். நுரையீரல் காசநோய்க்கு இதற்கு விடை சொல்ல வேண்டியது சளிப் பரிசோதனைதான். ஆனால் கழுத்தில் நெறிகட்டியவருக்கும், முதுகெலும்பிலோ வயிற்றிலோ நோய் கண்டவருக்கும், சளியைக் காறித் துப்பத் தெரியாத குழந்தைக்கும் அந்த வழி இல்லை. நன்றாகத் தேறிவரும் நுரையீரல் நோயாளிக்கும் இரண்டாம் மாத முடிவில் இருமல் வறண்டு, குப்பியில் எச்சில் மட்டுமே சேர்வது வழக்கம். இப்படிப்பட்டவர்களுக்கு இரத்தத்தில் தெரியும் சில அளவுகள் துணைச் சான்றாக உதவும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரையும் சுகாதாரத் தன்னார்வலர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு முதல் 2 மாதங்கள் நான்கு மருந்துகளும், அடுத்த 4 மாதங்கள் மூன்று மருந்துகளும் தினமும் தரப்படுகின்றன. இரண்டாம் மாத முடிவிலும் சிகிச்சை முடிவிலும் சளி பார்க்கப்படும். எடை மாதந்தோறும் பார்க்கப்பட வேண்டும். நோயைக் கண்டுபிடிக்கப் பயன்படும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகளைக் குணமாவதைக் கண்காணிக்கப் பயன்படுத்தக் கூடாது. ஏனெனில் செத்துப்போன கிருமியின் மரபணுத் துணுக்கையும் அவை பிடித்துக் காட்டிவிடும். இரத்தப் பரிசோதனை எதுவும் சளிப் பரிசோதனைக்கு மாற்றாகாது. சிகிச்சைக் கண்காணிப்புக்கென அதைத் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் கட்டாயமாக்கவும் இல்லை. எனவே அதை மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

அவ்வாறு செய்வதாக இருந்தால், முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது சி.ஆர்.பி. எனப்படும் சி-ரியாக்டிவ் புரதம். உடலில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் இதை மிகுதியாகச் சுரக்கிறது. இரத்தத்தில் இதன் அரைவாழ்வு, அதாவது அளவு பாதியாகக் குறையும் நேரம், சுமார் 19 மணி நேரமே என்பதால், அழற்சி தணியத் தொடங்கினால் இதன் அளவும் விரைவாகக் குறையும். இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும், பழக்கத்தில் உள்ள இ.எஸ்.ஆர். பரிசோதனையின் அளவு மெதுவாகவே இறங்கும். இரத்தசோகை, கர்ப்பம், முதுமை ஆகியவற்றாலும் அது உயர்ந்து நிற்கும். நம் பகுதிப் பெண்களிடம் இரத்தசோகை பரவலாக இருப்பதால் இ.எஸ்.ஆரை மட்டும் நம்பி முடிவெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இவற்றுக்கு நேர்மாறாக, ஹீமோகுளோபினும், ஆல்புமின் என்ற இரத்தப் புரதமும் நோயாளி தேறத் தேற உயர்பவை. சி.ஆர்.பி. இறங்கி, இவை ஏறி, எடையும் கூடினால் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன என்று கொள்ளலாம்.

முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன், அல்லது தொடங்கிய ஓரிரு நாட்களுக்குள், அடிப்படை அளவை எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் இரண்டாம் மாதத்தில் வரும் எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது. அடுத்த அளவை இரண்டாம் மாத முடிவில், சளிப் பரிசோதனையை ஒட்டி எடுக்கலாம். கடைசி அளவைச் சிகிச்சை முடிவில் எடுக்கலாம். மருத்துவர் விரும்பினால் இடையிலும் ஒன்று எடுக்கலாம். வாரந்தோறும் எடுப்பது பணத்தையும் நிம்மதியையும் கரைக்கும். அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

எல்லா முறையும் ஒரே ஆய்வகத்தில் எடுப்பது முக்கியம். கொள்முதல் நிலையத்தில் ஒரே நெல்லுக்கு இரண்டு கருவிகள் வெவ்வேறு ஈரப்பதம் காட்டுவதுபோல், ஒரே இரத்தத்துக்கு இரண்டு ஆய்வகங்கள் வெவ்வேறு எண்ணைத் தரக்கூடும். இதைவிடப் பெரிய குழப்பம் அலகில் இருக்கிறது. ஓர் ஆய்வகம் லிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதும். இன்னொன்று டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதும். முதலாவதில் 48 என்று வருவது இரண்டாவதில் 4.8 என்று வரும். மன்னார்குடியில் முதல் அளவையும் கும்பகோணத்தில் அடுத்த அளவையும் எடுத்துவிட்டு, 48 வெறும் 4.8 ஆகிவிட்டது என்று மகிழ்ந்தால், உண்மையில் எதுவும் மாறவே இல்லை. ஆகவே எண்ணுடன் அலகையும், ஆய்வகம் தரும் இயல்பு வரம்பையும் சேர்த்தே குறிப்பேட்டில் எழுதுங்கள். அதே வரியில் அன்றைய எடை, காய்ச்சல் உண்டா, தவறவிட்ட மாத்திரைகள் எத்தனை என்பவற்றையும் எழுதி வையுங்கள்.

இனி வாசிக்கும் முறை. தொடக்கத்திலேயே சி.ஆர்.பி. இயல்பாக இருந்தால் அந்த நோயாளிக்கு இந்தப் பரிசோதனை பயன்படாது. நெறிகட்டிய சிலரிடம் இப்படி இருக்கலாம். தொடக்கத்தில் உயர்ந்திருந்து, இரண்டாம் மாதத்தில் தெளிவாக இறங்கியிருந்தால் நல்ல அறிகுறி. இறங்காமலோ, இறங்கி மறுபடி ஏறியோ இருந்தால், காசநோயைக் குற்றம் சாட்டுவதற்கு முன் வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சேற்று வயலில் இறங்கியவருக்கு எலிக்காய்ச்சல் வந்திருக்கலாம், சர்க்கரை நோயாளிக்குக் காலில் ஆறாத புண்ணோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம், முடக்குவாதமும் சி.ஆர்.பி.யை உயர்த்தும். அத்தகைய நோய் தெரிந்தால், அதற்குச் சிகிச்சை பெற்றுத் தணிந்தபின் அளவை மீண்டும் எடுங்கள். வேறு காரணம் எதுவும் இல்லையென்றால், மாத்திரை ஒழுங்காகச் சேர்கிறதா, சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்ற மூன்று கேள்விகளையும் மருத்துவரிடம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை சளியிலோ திசுவிலோ செய்யப்படும் வளர்ப்புப் பரிசோதனையிலும் மருந்து எதிர்ப்புப் பரிசோதனையிலும்தான் கிடைக்கும்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கு ஸ்டீராய்டும் சேர்த்துத் தரப்படும்; அது அழற்சியைத் தானாகவே அடக்குவதால், சி.ஆர்.பி. குறைந்ததைக் காசநோய் மருந்தின் வெற்றியாக எண்ணிவிடக் கூடாது. மற்றொன்று, மருந்து சரியாக வேலை செய்யும்போதே நெறிகட்டிய நிணநீர்க்கணு சில காலம் பெரிதாகி வீங்கக்கூடும். கிருமி சாகும்போது உடல் காட்டும் எதிர்வினையாகவும் அது இருக்கலாம் என்பதால், வீக்கத்தைப் பார்த்துச் சிகிச்சையைக் கைவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது நல்ல முடிவு வந்த பிறகு நடப்பதைத்தான். இரண்டாம் மாதத்திலேயே சி.ஆர்.பி. இயல்புக்கு வந்து, பசி எடுத்து, நடவு வேலைக்கும் போக முடிகிறது என்றால், இனி மாத்திரை எதற்கு என்று தோன்றும். சி.ஆர்.பி. அழற்சியை மட்டுமே அளக்கிறது. மந்தமாக ஒளிந்திருக்கும் கிருமி மீதமிருப்பதை அது காட்டாது. அந்த மீதத்தை ஒழிக்கத்தான் அடுத்த நான்கு மாதங்கள். எந்த இரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டியும் மருந்தை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

கல்லீரல் பரிசோதனை இவற்றிலிருந்து வேறுபட்டது. அது மருந்தின் பாதுகாப்பைப் பார்ப்பது. பசியின்மை, வாந்தி, கண் மஞ்சளாதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்குவது இயல்பானது; கண்ணின் வெண்பகுதி மஞ்சளாவது இயல்பானதல்ல.

செலவழிக்கக் கூடாத பரிசோதனைகளும் உண்டு. காசநோய்க் கிருமி உடலில் புகுந்திருக்கிறதா என்று பார்க்கும் மாண்டோ தோல் பரிசோதனையும் இக்ரா இரத்தப் பரிசோதனையும் குணமான பின்பும் பலருக்கு நேர்மறையாகவே இருக்கும். சிகிச்சையைக் கண்காணிக்க அவை உதவா. காசநோய்க்கென இரத்தத்தில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பார்க்கும் பரிசோதனைகளை இந்திய அரசு 2012-இலேயே தடை செய்துவிட்டது. யாராவது பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். விரல் நுனி இரத்தத்தில் சில மனித மரபணுக்களின் செயல்பாட்டை அளக்கும் புதிய முறைகளும் ஆராயப்பட்டுவருகின்றன. ஜி.பி.பி.5, டி.யு.எஸ்.பி.3, கே.எல்.எஃப்.2 என்ற மூன்று மரபணுக்களைப் பார்க்கும் முறை அவற்றுள் ஒன்று. சிகிச்சையின்போது இந்த மரபணுச் சுவடுகள் இயல்பை நோக்கித் திரும்புவது ஆய்வுகளில் தெரிந்துள்ளது. ஆயினும் அவை இன்னும் நம் மருத்துவமனைகளின் வழக்கத்துக்கு வரவில்லை.

ஒரு பரிசோதனைக்குக்கூடப் பணம் இல்லாதவர் மனம் தளர வேண்டியதில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான, ஊட்டச்சத்து உதவி குறித்த ரேஷன்ஸ் ஆய்வில், முதல் இரண்டு மாதங்களில் எடை கூடியவர்களிடம் இறப்பு ஆபத்து குறைவாக இருந்தது. மாதந்தோறும் ஒரே தராசில் எடை பார்த்து எழுதினாலே பெரும்பாலான செய்தி கிடைத்துவிடும். தேசியத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் வழங்கப்படுகிறது. அதை முட்டைக்கும் பருப்புக்கும் ஒதுக்கினால் எடை கூட உதவும்.

சிகிச்சை முடிந்த அன்று எடுத்த சி.ஆர்.பி., ஹீமோகுளோபின், எடை மூன்றையும் குறிப்பேட்டின் புதிய பக்கத்தில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தொடர் பரிசோதனைக்கு அழைப்பார்கள். அப்போது இருமலோ காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தால், புதிய அளவை அந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுக் காட்டி, சளிப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள்.